மலைமேல் பன்னிரண்டு மணி நேரம்

விளையாட்டைப் பற்றி ஏடுகளில் நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் வென்றவரைப் பற்றியே. முதலில் வந்தவர் யார், எத்தனை நொடியில் வந்தார், என்ன பரிசு பெற்றார் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டது அதற்கு மாறான பொருள். வெல்ல இயலாது என்பதை முன்கூட்டியே நன்கறிந்தும், ஓராண்டுக் காலம் உடலை வருத்திப் பழகி, தம் கைப்பொருளைச் செலவிட்டு ஒரு பந்தயத்துக்கு வருகின்ற எளிய மனிதர்களைப் பற்றியது அது.

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், கொலராடோ மாநிலத்தில், லெட்வில் என்றொரு சிற்றூர் உள்ளது. ஈயநகர் என்பது அப்பெயரின் பொருள். 1994-ஆம் ஆண்டு முதல், கொள்ளைநோய் பரவிய 2020 நீங்கலாக, ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஒரு சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு அவ்வூரின் நடுத்தெருவில் துப்பாக்கி வேட்டு ஒன்று ஒலிக்கிறது. விடியுமுன்பே வந்து குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் ஒரே நேரத்தில் தம் மிதிவண்டிகளை மிதிக்கத் தொடங்குகின்றனர். நூறு மைல் தொலைவு. பாதை பெரும்பாலும் மண்ணும் கல்லும் வேரும் நிறைந்த மலைத்தடம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து சேருவோருக்கு வெள்ளி நிறத்தில் பெல்ட்டுக் கொக்கி ஒன்று பரிசாகக் கிடைக்கும். ஒன்பது மணி நேரத்துக்குள் வருவோருக்குச் சற்றுப் பெரிய கொக்கி. பன்னிரண்டு மணி நேரம் நிறைந்ததும் மீண்டும் வேட்டு ஒலிக்கும். அதன்பின் வருவோருக்குக் கொக்கி இல்லை.

அவ்வூரின் உயரம் என்னவென்பதை நம் வாசகர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டா 8,650 அடி உயரமுள்ளது. லெட்வில் நகரின் கடைத்தெருவே 10,152 அடி உயரத்தில் இருக்கிறது. பந்தயப் பாதையின் மிகத் தாழ்ந்த இடமும் 9,000 அடிக்கு மேற்பட்டதே. மிக உயர்ந்த இடமோ 12,400 அடியைத் தாண்டியது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும் இடத்தில், மிதிவண்டியில் ஏறச் சொல்கிறார்கள்.

இப்படியொரு பந்தயம் ஏன் ஏற்பட்டது என்று கேட்டால், வேலையில்லாத் திண்டாட்டத்தால் ஏற்பட்டது என்பதே விடை.

1870-களின் இறுதியில் வெள்ளி கிடைத்ததால் வளர்ந்த ஊர் அது. உலகின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் அங்கே குவிந்தனர். அவர்களில் அயர்லாந்து நாட்டுக் கத்தோலிக்கரும் மிகப் பலர். கார்க் மாவட்டத்துச் செப்புச் சுரங்கங்களில் பிழைப்பற்றுப்போய்க் கடல் கடந்து வந்தவர்கள் பலர். அவர்கள் எழுப்பிய மங்கள வார்த்தை ஆலயத்தின் ஊசிக் கோபுரம் இன்றும் ஊரின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரிகிறது. 1912-இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது உயிர்தப்பிப் புகழ்பெற்ற மார்கரெட் பிரவுன் அம்மையாரின் திருமணம் 1886-இல் நடைபெற்றது அந்த ஆலயத்தில்தான். ஆனால் புகழ்பெறாமல் மறைந்தவர்களே மிகுதி. ஊரின் கல்லறைத் தோட்டத்தில், ஏழைக் கத்தோலிக்கருக்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியில், பைன் மரங்களின் அடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர்ப்பலகை இன்றி உறங்குகின்றனர். மண் உள்வாங்கிய சிறு பள்ளங்களே அவர்களுடைய கல்லறைகளுக்கு அடையாளம். சுரங்கத்திலும் குளிரிலும் நோயிலும் இளவயதிலேயே மாண்டவர்கள். அவர்களுடைய பெயர்களைத் தேடித் தொகுத்து நினைவுச்சின்னம் அமைக்கும் பணி அண்மை ஆண்டுகளில்தான் நடந்தேறியது.

வெள்ளி விலை 1893-இல் வீழ்ந்தது. பின்னர் ஊரைக் காப்பாற்றியது மாலிப்டினம் என்னும் உலோகம். எஃகை உறுதியாக்க இது பயன்படுகிறது. பக்கத்து மலையில் இருந்த கிளைமாக்ஸ் சுரங்கம் பல்லாண்டுகளாக அவ்வூருக்குச் சோறு போட்டது. 1980-களின் தொடக்கத்தில் உலோகத்தின் விலை சரிந்து, 1982-இல் சுரங்க வேலை நின்றபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். மூவாயிரம் குடும்பம் என்றே கொள்ளலாம். வீடுகளைப் பூட்டிவிட்டுப் பலர் வெளியேறினர். விற்க முயன்றவர்களுக்கு வாங்குவோர் கிடைக்கவில்லை.

வேலை இழந்தவர்களில் கென் க்ளோபர் என்பவரும் ஒருவர். சுரங்கத் தொழிலாளி, நெடுந்தொலைவு ஓடும் பழக்கமுள்ளவர். வெளியூரார் வந்து ஓர் இரவேனும் ஊரில் தங்கினால்தான் கடைகளும் விடுதிகளும் பிழைக்கும் என்று அவர் கணக்கிட்டார். ஒரே நாளில் முடிகிற பந்தயமாயின் பகலிலேயே வந்து பகலிலேயே போய்விடுவார்கள். நூறு மைல் ஓட வைத்தால்? 1983-இல் நூறு மைல் ஓட்டப் பந்தயம் தொடங்கிற்று. உள்ளூர் மருத்துவமனையைச் சார்ந்தவர் ஒருவர், இத்தனை உயரத்தில் இப்படி ஓடவிட்டால் யாரேனும் செத்துப்போவார்கள் என்று எச்சரித்ததாகவும், அப்படியானால் நம் ஊர் பெயர்பெற்றுவிடுமே என்று க்ளோபர் பதிலளித்ததாகவும் கதை வழங்குகிறது. கதையில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் அதைச் சொன்னவர் வேலையற்ற தொழிலாளி என்பதை நினைத்தால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாண்டு ஓடத் தொடங்கியவர் 45 பேர். முடித்தவர் 10 பேர். பதினோராண்டுகள் கழித்து அதே மலைகளில் மிதிவண்டிப் பந்தயமும் சேர்ந்துகொண்டது. முதலாண்டில் நூற்றைம்பது பேரளவில் கலந்துகொண்ட அப்பந்தயத்துக்கு இப்பொழுது இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. பெரும்பாலோரைக் குலுக்கல் முறையில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மலைமிதிவண்டி என்பது என்ன என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். கலிபோர்னியாவில் டமால்பயஸ் மலையடிவாரத்தில் வாழ்ந்த இளைஞர் சிலர், 1930-40-களில் செய்யப்பட்ட பருமனான டயர் கொண்ட பழைய சைக்கிள்களைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து, மலைச்சரிவில் உருட்டி விளையாடினர். 1976 அக்டோபரில் அதையே பந்தயமாக்கினர். பின்சக்கரத்துப் பிரேக் சூடேறி உள்ளே இருந்த கிரீஸ் உருகிப் புகையாகிவிடுமாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தமையால், அடைப்பு என்று பொருள்படும் சொல்லே அப்பந்தயத்துக்குப் பெயராயிற்று. அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே தனியாகச் சட்டம் வடித்தார். அங்கிருந்து இருபதாண்டுக்குள், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது விளையாட்டாக ஏற்கப்பட்டுவிட்டது. இன்றைய வண்டியில் முன்னும் பின்னும் அதிர்வுதாங்கிகள், பன்னிரண்டு பல்சக்கரங்கள், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகள் எல்லாம் உண்டு. விலையும் அதற்கேற்ப உண்டு.

இனிப் பந்தயத்துக்குள் செல்வோம். நாற்பத்தைந்து வயதுள்ள பள்ளி ஆசிரியர் ஒருவரை மனக்கண்ணால் பின்தொடர்வோமாக. அவர் தனி ஒருவர் அல்லர். ஆண்டுதோறும் அங்கே வருகின்ற நூற்றுக்கணக்கானோரின் அனுபவத்தை அவர்மேல் ஏற்றிச் சொல்கிறோம். மனைவி உண்டு, இரு பிள்ளைகள் உண்டு. சமவெளியில் வாழ்கிறவர். பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னர்தான் மலைக்கு வர விடுமுறை கிடைத்தது. இரவில் தலைவலி, தூக்கமில்லை. உயரத்துக்கு உடல் பழக இரண்டு மூன்று வாரமாவது தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் வேலைக்குச் செல்லும் குடும்பத்தலைவருக்கு மூன்று வார விடுமுறையை யார் கொடுப்பார்?

வேட்டு ஒலித்ததும் தார்ச்சாலையில் இறக்கமாகச் செல்கிறார்கள். கோடைக்காலம்தான்; எனினும் விரல்கள் விறைத்துப்போகின்றன. பின்னர் முதல் ஏற்றம் வருகிறது. அதன் பெயர் புனித கெவின். ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தின் கிளென்டலாக் பள்ளத்தாக்கில் துறவியாக வாழ்ந்த புனிதரின் பெயரே அது. அவரைப் பற்றிய மரபுக்கதை ஒன்று நம் குழந்தைகளுக்குச் சொல்லத்தக்கது. தவக்காலத்தில் ஒருநாள் குடிசைச் சாளரத்துக்கு வெளியே கையை நீட்டி அவர் மன்றாடிக்கொண்டிருந்தாராம். கருங்குருவி ஒன்று அந்த உள்ளங்கையில் கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. பறவைக்குத் துன்பம் நேரலாகாதென்று, குஞ்சு பொரித்துப் பறக்கும் வரையில் புனிதர் கையை மடக்கவேயில்லையாம். நெடுநேரம் தாங்குதல் என்னும் கலையின் பாதுகாவலராக யாரையேனும் தேர்ந்தெடுப்பதாயின் நாம் இவரைத்தான் முன்மொழிவோம். அவர் தாங்கியது பரிசுக்காக அன்று, ஒரு குருவிக்காக.

நம் ஆசிரியருக்கு இந்நினைவுகளுக்கெல்லாம் நேரமில்லை. பாதை குறுகி, முன்னால் நூற்றுக்கணக்கானோர் அடைத்துக்கொண்டு செல்கின்றனர். ஒருவர் தடுமாறிக் காலூன்றினால் பின்னால் வரும் இருபது பேரும் இறங்கித் தள்ள வேண்டும். இங்கே கோபம் கொண்டு முந்தப் பார்க்கிறவர் பிற்பகலில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டுவார் என்று அனுபவசாலிகள் கூறுவர். ஏரிக்கரை வழியே சென்று, 11,000 அடிக்கு மேற்பட்ட சுகர்லோஃப் மேட்டில் ஏறி, மின்கம்பங்கள் செல்லும் வழியில் செங்குத்தாக இறங்க வேண்டும். மழைநீர் அறுத்த ஓடைகள் அச்சரிவில் குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. சக்கரம் அதில் சிக்கினால் தோள்பட்டை எலும்பு முறிவது உறுதி. அடிபடுவோர் ஆண்டுதோறும் உண்டு.

கீழே உதவி நிலையங்கள் உள்ளன. வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை செல்வோருக்கு வழியோரத்தில் நீர்மோரும் உணவும் கொடுக்கும் நன்மக்களை நாம் அறிவோம். ஏறத்தாழ அத்தகைய ஏற்பாடே இது. ஊதியமின்றி உழைக்கும் தொண்டர்கள் வண்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள், புட்டிகளை நிரப்புகிறார்கள், செயினுக்கு எண்ணெய் விடுகிறார்கள். அவர்களுக்கு அருகில், புல்வெளி நெடுக, போட்டியாளரின் குடும்பத்தார் சிறு கூடாரமடித்துக் காத்திருக்கின்றனர். அப்பா வருகிறாரா என்று குழந்தைகள் தூசிக்குள் பார்க்கிறார்கள். எல்லோருமே சேறு பூசியிருப்பதால் அடையாளம் தெரிவதில்லை. வந்ததும் ஒரு நிமிடம். சட்டைப்பையில் உணவைத் திணித்து, புட்டியை மாற்றி, முதுகில் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காக அவர்கள் அங்கே ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

அடுத்து வருவது கொலம்பைன் ஏற்றம். பந்தயத்தின் இதயம் இதுவே. இரட்டை ஏரிகளின் அருகிலிருந்து ஏறத்தாழ எட்டு மைல் தொலைவுக்கு, மூவாயிரம் அடிக்கும் மேலாக ஒரே மூச்சில் ஏறுகிறது. முதலில் மரங்களின் நிழல் உண்டு. பிறகு மரமே வளராத உயரம் வந்துவிடுகிறது. புல், பாறை, வானம், வேறொன்றுமில்லை. பாதை உடைந்த கற்களாய் மாறுகிறது. பின்சக்கரம் வழுக்குகிறது. திறமை மிக்க ஒரு சிலர் தவிர மற்ற அனைவரும் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக, தலைகுனிந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கின்றனர். யாரும் பேசுவதில்லை, பேச மூச்சில்லை. எதிர்த்திசையில், உச்சியைத் தொட்டுத் திரும்பியோர் அதே குறுகிய தடத்தில் வேகமாக இறங்கி வருகின்றனர். அவர்கள் உரக்கக் கூவி உற்சாகப்படுத்திக்கொண்டே போவது வழக்கம். முதலிடத்துக்குப் போட்டியிடுகிறவரும் கடைசியில் நடக்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பந்தயங்கள் உலகில் அதிகமில்லை.

இங்கேதான் உடலின் கணக்குகள் வெளிப்படுகின்றன. தசைகளிலும் ஈரலிலும் நாம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து ஏறத்தாழ 2,000 கலோரி அளவே. கடுமையாக உழைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பன்னிரண்டு மணி நேர உழைப்புக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். உடலின் கொழுப்பு கைகொடுக்கும். ஆனால் மெதுவாகத்தான் கொடுக்கும். வாய்வழியே உண்பதை இரைப்பையும் குடலும் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து அளவுக்குமேல் ஏற்பதில்லை. உயரமோ பசியைக் கொன்றுவிடுகிறது, குமட்டல் வருகிறது. உண்ணத் தவறியவர், எண்ணெய் வற்றிய விளக்கைப்போலச் சட்டென்று அணைந்துபோகிறார். கால் வலிப்பதற்கு முன் மனம் சாய்கிறது. காரணமின்றி அழுகை வருவதுண்டு. தாம் ஏன் இங்கு வந்தோம் என்பதே மறந்துபோவதுண்டு. இனிப்பு எதையேனும் உண்டு கால் மணி நேரம் சென்றால் அதே மனிதர் சிரிக்கிறார். நம்முடைய துணிவு, நம்முடைய சோர்வு என்று நாம் பெருமையாகவும் சிறுமையாகவும் பேசுவதில் எவ்வளவு பங்கு ஒரு பிடிச் சர்க்கரையைப் பொறுத்தது என்பதை எண்ணினால் மனிதனுக்குத் தாழ்ச்சி வரத்தான் வேண்டும்.

தாகத்துக்கு அஞ்சி வெறும் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து மயக்கம், வலிப்பு, சில வேளைகளில் மரணம் வரையிலும் கொண்டுபோய்விடும். நெடுநேர விளையாட்டுகளில் தண்ணீர்க் குறைவைக் காட்டிலும் இதற்கே மிகுதியாக அஞ்ச வேண்டுமென்று சொல்லும் மருத்துவரும் உளர். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும் என்பது இன்றைய அறிவுரை. போதாக்குறைக்குப் பிற்பகலில் இடியும் மின்னலும் வரும். மரமற்ற உச்சியில் மனிதனே மிக உயரமான பொருளாக நிற்கிறான்.

இப்படி விரும்பித் துன்பத்தைத் தேடுவது தகுமா என்று நம் வாசகரில் பெரியோர் கேட்கலாம். உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அதைத் தேவையின்றி உடைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. ஆனால் அதைப் பழக்கப்படுத்துவதும் ஒறுப்பதும் வேறு. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பந்தயத் திடலையே உவமையாக எடுத்தாண்டார். அந்நகருக்கு அருகிலேயே பெரிய விளையாட்டு விழாக்கள் நடந்ததால் அம்மக்களுக்கு அது எளிதில் விளங்கியிருக்கும். அவர் காட்டும் பந்தயத்தில் ஓடுவோர் பலர், பரிசு பெறுபவர் ஒருவர். லெட்விலில் குறித்த நேரத்துக்குள் வரும் எல்லோருக்கும் கொக்கி உண்டு. இவ்விரண்டில் எது விண்ணரசுக்கு நெருங்கியது என்பதை மறைநூல் வல்லுநர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

மிதிவண்டிக்காரரின் ஆபத்தைத் திருச்சபை மறந்ததில்லை. இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே உள்ள கிசால்லோ மலையின் சிற்றாலயத்து மரியன்னையை, 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயச் சுவர்களில் புகழ்பெற்ற வீரர்களின் மிதிவண்டிகளும் பந்தயச் சட்டைகளும் காணிக்கையாகத் தொங்குகின்றன. 1995-இல் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில், பிரனீஸ் மலை இறக்கத்தில் விழுந்து உயிர்நீத்த ஃபாபியோ கசார்தெல்லி என்னும் இளைஞரின் உடைந்த வண்டியும் அங்கே இருக்கிறது. வென்றவர்களின் வண்டிகளுக்கு நடுவே அதையும் வைத்திருப்பது நமக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஆயினும் நமக்குள்ள பெரிய ஐயம் உடலைப் பற்றியதன்று; இல்லத்தைப் பற்றியது. நூறு மைலுக்குப் பழக வேண்டுமாயின் வாரத்துக்குப் பத்து மணி நேரமேனும் வண்டியில் இருக்க வேண்டும். அந்தப் பத்து மணி நேரம் எங்கிருந்து வருகிறது? அலுவலகம் தராது. விடியற்காலைத் தூக்கத்திலிருந்து கொஞ்சம் வரலாம். மீதி மனைவி மக்களிடமிருந்துதான் வருகிறது. சனிக்கிழமைதோறும் அப்பா காலையில் போய்ப் பிற்பகலில் வந்து, உண்டுவிட்டு உறங்கிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியும்கூட நீண்ட பயிற்சிக்கு இடையூறாகத் தோன்றத் தொடங்கிவிட்டால், அது விளையாட்டாக இல்லாமல் வேறொன்றாகிவிட்டது என்றே பொருள். நுழைவுக் கட்டணம் சில நூறு டாலர். நல்ல வண்டி பல ஆயிரம் டாலர். பொழுதுபோக்குக்கு வந்தவர் தம் குடும்பத்தின் பொழுதையும் பொருளையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். புல்வெளியில் ஐந்து மணி நேரம் காத்திருக்கும் அந்த மனைவிக்குக் கொக்கி எதுவும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டுமென்பது நம் கருத்து.

குடும்பத்தோடு இதைச் செய்து காட்டியவரும் உண்டு. டேவ் வீன்ஸ் என்பவர் தொழில்முறைப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றபின், கன்னிசன் என்னும் சிற்றூரில் மனைவியோடும் மூன்று ஆண்மக்களோடும் வாழ்ந்தவர். அவருடைய மனைவி சூசன் டிமாட்டே 1996 ஒலிம்பிக்கில் மலைமிதிவண்டிப் பிரிவில் வெண்கலம் வென்றவர். வீன்ஸ் 2003 முதல் 2008 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து லெட்விலில் முதலிடம் பெற்றார். 2007-இல் அவரிடம் தோற்றவர் ஃபிளாய்ட் லாண்டிஸ். 2008-இல் தோற்றவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். இரண்டாவது வெற்றியில் பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்ட வண்டியிலேயே அவர் இறுதிப் பகுதியைக் கடந்தார். லாண்டிஸ், ஆம்ஸ்ட்ராங் இருவரும் பிரான்சு நாட்டுப் பந்தயத்தில் பெற்ற பட்டங்கள், ஊக்கமருந்தின் காரணமாக முறையே 2007-இலும் 2012-இலும் பறிக்கப்பட்டன.

நம் ஆசிரியர் இதற்குள் உச்சியைத் தொட்டு இறங்கிவிட்டார். பாதித் தொலைவு முடிந்தது. பாதி நேரத்துக்குமேல் கழிந்துவிட்டது. இடைநிலையங்கள் சிலவற்றில் கெடு உண்டு. குறித்த நேரத்துக்குள் சேராதவரை அதற்குமேல் செல்ல விடுவதில்லை. அதைக் கொடுமை என்று நினைக்கலாகாது. இருட்டில், இடிமழையில், களைத்த மனிதரை மலைமேல் தனியே விடுவதே கொடுமை. தடுத்து நிறுத்துகிற தொண்டருக்கு அன்று மிகக் கடினமான பணி. வாதாடுவோர் உண்டு, கெஞ்சுவோர் உண்டு. பலர் பேசாமல் வண்டியைச் சாய்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்துவிடுகின்றனர்.

தப்பித்துச் செல்பவருக்கு எண்பதாவது மைல் அளவில் மின்கம்பப் பாதை மீண்டும் காத்திருக்கிறது. காலையில் இறங்கியதை இப்போது ஏற வேண்டும். தொடக்கத்தில் நூற்றுக்கு இருபது என்னும் சரிவுக்கும் மேலானது. உச்சி வந்துவிட்டதென்று நினைத்தால் அதன் பின்னால் இன்னொரு மேடு. அதன் பின்னால் இன்னொன்று. வெயில் முதுகில் விழுகிறது. இங்கே அந்த ஊர்க்காரர்கள் வந்து நின்று குளிர்ந்த நீரையும் கோகோ கோலாவையும் கொடுப்பதுண்டு. முன்பின் அறியாத ஒருவர் முதுகில் கைவைத்துச் சில அடி தள்ளிவிடுவதும் உண்டு.

பந்தயம் 2010-இல் பெரிய உடற்பயிற்சி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. அதன்பின் கூட்டமும் கட்டணமும் பெருகின. பழைய எளிமை போய்விட்டதென்று குறைசொல்வோர் உளர். குறையில் உண்மை இருக்கலாம். ஆனால் ஊரார் தங்கள் பங்கை விட்டுவிடவில்லை. பந்தயத்தையொட்டி ஏற்பட்ட அறக்கட்டளை, அவ்வூர் உயர்நிலைப் பள்ளியை முடித்து மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. கிளைமாக்ஸ் சுரங்கமும் 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. சுரங்கம் மூடிக்கிடந்த காலத்தில் ஊரின் விடுதிகளில் விளக்கெரிந்ததற்கு இந்த ஓட்டக்காரர்களும் மிதிவண்டிக்காரர்களும் ஒரு காரணம்.

மாலை ஆறு மணிக்கெல்லாம் ஆறாம் தெருவில் கூட்டம் நெருக்குகிறது. கடைசி மைல்கள் ஊரை நோக்கிச் சற்றே ஏறும் மண்சாலை, பிறகு தார்ச்சாலை, அதன் முடிவில் சிவப்புக் கம்பளம். முதலிடம் பெற்றவர் பிற்பகலிலேயே குளித்து உண்டு ஓய்வெடுத்திருப்பார். இப்போது தெருவில் நிற்பவர்கள் பார்க்க வந்தது அவரை அல்ல; பதினொரு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் வருகிறவர்களை. தூரத்தில் ஒரு தலை தெரிந்ததும் முன்பின் அறியாத அத்தனை பேரும் கூவுகிறார்கள். பிள்ளைகள் கடைசி நூறு அடிக்குத் தகப்பனோடு கூடவே ஓடுகிறார்கள். கோட்டைத் தாண்டியவர்களின் கழுத்தில் பதக்கமிட்டு, சேற்றையும் வியர்வையையும் பாராமல் அணைத்துக்கொள்ளும் பணியை, க்ளோபரோடு சேர்ந்து பந்தயத்தை வளர்த்த மெரிலீ மாப்பின் அம்மையார் பல்லாண்டுகள் செய்து வந்தார்.

பிறகு வேட்டு ஒலிக்கிறது. கடிகாரத்தின் கணக்கு முடிந்தது. ஆனால் மண்சாலையில் இன்னும் சிலர் வந்துகொண்டிருக்கிறார்கள். வேட்டொலி அவர்களுக்கும் கேட்டிருக்கும். நம் ஆசிரியர் அவர்களில் ஒருவராயிருந்தால், பன்னிரண்டு மணி நேரம் ஒன்பது நிமிடத்துக்கு அவர் தெருமுனையில் திரும்புகிறார். தொண்டர்கள் தடுப்புவேலிகளைக் கழற்றத் தொடங்கிவிட்டனர். ஒருவர் மட்டும் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுகிறார். மகள் ஓடி வந்து வண்டியைப் பிடித்துக்கொள்கிறாள். பிடித்தது நல்லதாயிற்று, அவருக்குக் கால் நிற்கவில்லை.